கேள்வி கேட்க முடியாத செவிலியரும் பாதுகாப்பில்லாத நோயாளியும்

மருத்துவமனையில் மருந்து மாறியோ அளவு தவறியோ ஒரு நோயாளி பாதிக்கப்பட்டால், அடுத்து நடப்பவை நாடு முழுவதும் ஏறக்குறைய ஒரே வரிசையில் நடக்கின்றன. உறவினர்கள் திரள்கிறார்கள். நிர்வாகம் கதவைச் சாத்திக்கொண்டு ஆலோசிக்கிறது. மாலைக்குள் பணியில் இருந்த செவிலியர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்படுகிறார். அவர் ஒப்பந்த ஊழியராக இருந்துவிட்டால் ‘தற்காலிகம்’ என்ற சொல்லுக்கும் வேலையில்லை. மறுநாள் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டால் போதும். விசாரணைக்கு உத்தரவிடப்பட்டுள்ளது என்ற செய்தியோடு விவகாரம் முடிகிறது. அன்றிரவு அதே வார்டில் அதே மருந்து அலமாரி இருக்கிறது, அதே எண்ணிக்கையில் நோயாளிகள் இருக்கிறார்கள். ஒரு செவிலியர் மட்டும் குறைந்திருக்கிறார்.

2021 ஜனவரி 31 அன்று நாடெங்கும் போலியோ சொட்டு மருந்து முகாம் நடைபெற்றது. மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில் ஒரு முகாமில், ஐந்து வயதுக்குட்பட்ட 12 குழந்தைகளுக்குப் போலியோ மருந்துக்குப் பதிலாகக் கைகளைத் தூய்மைப்படுத்தும் சானிடைசர் கொடுக்கப்பட்டது. குழந்தைகள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். நல்லவேளையாக உயிரிழப்பு ஏற்படவில்லை. சுகாதாரப் பணியாளர்கள் மூவர் மீது நடவடிக்கை என்ற அறிவிப்பு உடனே வந்தது. வாயில் இடவேண்டிய மருந்தும் வாயில் படவே கூடாத திரவமும் கைக்கெட்டும் தூரத்தில் ஒன்றாக இருக்கும்படி முகாமை அமைத்தது யார், ஒரு சொட்டு விழுவதற்குமுன் குப்பியின் பெயரை இன்னொருவர் சரிபார்க்கும் நடைமுறை ஏன் இல்லை என்ற கேள்விகள் அந்த அறிவிப்பின் அடியில் புதைந்துபோயின.

குழந்தையின் பெற்றோருக்குக் கோபம் வருவது நியாயம். ஆனால் அந்தக் கோபத்தைக் கடைநிலையில் நிற்கும் ஊழியரின் மீது திருப்பிவிட்டுத் தப்பித்துக்கொள்வது அரசுக்கும் தனியார் மருத்துவமனை முதலாளிகளுக்கும் வசதியான ஏற்பாடாக இருக்கிறது. செவிலியர் கல்லூரிப் பாடங்களிலும் பயிற்சி முகாம்களிலும் ‘விமர்சனபூர்வச் சிந்தனை’ என்று இப்போது அதிகம் பேசப்படுகிறது. மருத்துவர் எழுதியதை அப்படியே செய்யாமல், யோசித்து, சரிபார்த்து, ஐயம் எழுந்தால் நிறுத்திக் கேட்பவரே நல்ல செவிலியர் என்று கற்பிக்கப்படுகிறது. கற்பிக்கப்படுவது சரிதான். அப்படி யோசிப்பதற்கு வேண்டிய நேரத்தையும், ஆள்பலத்தையும், ‘இதை நான் கொடுக்கமாட்டேன்’ என்று சொல்லும் உரிமையையும் கொடுக்க மறுத்துவிட்டு, யோசிக்கவில்லை என்று தண்டிப்பதுதான் அநீதி.

ஐந்து சரிகளுக்கு அப்பால்

மருந்து கொடுப்பதற்குமுன் ஐந்து விஷயங்களைச் சரிபார்க்க வேண்டும் என்பது செவிலியர் பயிற்சியின் முதல் பாடம்: சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். பிற்காலத்தில் சரியான பதிவு, சரியான காரணம், மருந்துக்குப் பின் நோயாளியின் நிலையைக் கவனித்தல் ஆகியவையும் சேர்க்கப்பட்டன. இந்தப் பட்டியல் அவசியமானது. ஆனால் சென்று சேரவேண்டிய இடத்தைத்தான் அது சொல்கிறது. அங்கே போவதற்கான பாதை வார்டில் இருக்கிறதா என்று அது கேட்பதில்லை.

பேறுகால வலிப்பு நோயால் பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு மக்னீசியம் சல்பேட் உயிர்காக்கும் மருந்து. தசையில் செலுத்தும் முறையில், முதல் அளவுக்குப் பிறகு நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை 5 கிராம் தொடர்ந்து கொடுக்கப்படுகிறது. மருந்துச் சீட்டில் எழுதியிருக்கிறது என்பதற்காக ஒவ்வொரு முறையும் ஊசியைப் போட்டுவிட முடியாது. முழங்காலைத் தட்டினால் கால் துள்ளுகிறதா, நிமிடத்துக்கு 16 மூச்சாவது ஓடுகிறதா, கடந்த நான்கு மணி நேரத்தில் மணிக்கு 30 மில்லி லிட்டராவது சிறுநீர் பிரிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் மருந்தை நிறுத்திவைத்து மருத்துவரை அழைக்க வேண்டும். மாற்று மருந்தான கால்சியம் குளுக்கோனேட் கைவசம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தாயைக் காக்கவேண்டிய மருந்தே அவருடைய மூச்சை நிறுத்திவிடும். எழுதப்பட்ட உத்தரவுக்கும் படுக்கையில் கிடக்கும் உடலுக்கும் நடுவில் நின்று அங்கே முடிவெடுப்பவர் செவிலியர்.

இதயநோயாளிக்கு டிகாக்சின் மாத்திரை கொடுப்பதற்குமுன் ஒரு நிமிடம் முழுதாக நாடித்துடிப்பை எண்ண வேண்டும். 60-க்குக் கீழே இருந்தால் கொடுக்காமல் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். சர்க்கரை நோயாளிக்குக் காலை இன்சுலின் போடுவதற்குமுன் அவருக்கு உணவு வந்துவிட்டதா, அல்லது ஸ்கேன் எடுப்பதற்காக வெறும் வயிற்றோடு இருக்கச் சொல்லியிருக்கிறார்களா என்று கேட்க வேண்டும். இவை யாவும் சிந்திக்கும் செயல்கள். கையால் ஊசி போடுவது பத்து விநாடி வேலை. அதைப் போடலாமா என்று தீர்மானிப்பதுதான் உண்மையான செவிலியப் பணி. இந்த உழைப்பு கணக்கேட்டில் ஏறுவதில்லை. செவிலியப் பணியைப் பெண்களின் இயல்பான சேவை மனப்பான்மை என்று புகழ்ந்து, அதன் அறிவுப் பகுதியைக் காணாமல் செய்துவிடும் சமூகம், அந்த அறிவுக்குக் கூலி கொடுக்க வேண்டிய கடமையிலிருந்தும் நழுவிக்கொள்கிறது.

இரண்டு நிமிடத்தின் கணக்கு

இந்திய செவிலியர் கழகத்தின் நெறிமுறைப்படி, போதனா மருத்துவமனைகளின் பொது வார்டுகளில் மூன்று நோயாளிகளுக்கு ஒரு செவிலியரும், பிற பொது மருத்துவமனைகளில் ஐந்து நோயாளிகளுக்கு ஒருவரும், தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவருக்கு ஒருவரும் இருக்க வேண்டும். விடுப்பில் செல்வோரை ஈடுகட்ட 30 விழுக்காடு கூடுதல் பணியிடங்களும் வேண்டும். அரசு மருத்துவமனையின் இரவு வார்டை ஒருமுறை பார்த்தவர்களுக்கு இந்த எண்கள் வேறொரு நாட்டைப் பற்றியவை போலத் தோன்றும். படுக்கைகள் நிரம்பி, தரையில் பாய்விரித்துப் படுத்திருக்கும் நோயாளிகளையும் சேர்த்து ஒரே செவிலியர் பார்த்துக்கொள்வது அங்கே வழக்கமான காட்சி.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு வார்டில் 40 நோயாளிகள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றில் ஒருவருக்குச் சராசரியாக மூன்று மருந்துகள். கேஸ் ஷீட்டைப் பார்த்து, பெயரைக் கேட்டு, மருந்தை எடுத்து, அளவைச் சரிபார்த்து, கொடுத்து, கையெழுத்திட ஒரு மருந்துக்கு இரண்டு நிமிடம் என்று மிகக் குறைவாகவே எடுத்துக்கொண்டாலும், ஒரு சுற்றுக்கு 240 நிமிடங்கள், அதாவது நான்கு மணி நேரம் ஆகும். பல அரசு மருத்துவமனைகளில் இரவுப் பணி 12 மணி நேரம் நீடிக்கிறது. அதில் இரவில் ஒரு சுற்று, விடியலில் ஒரு சுற்று என இரண்டு சுற்றுகள் வந்தால் எட்டு மணி நேரம் அதற்கே போய்விடும். மீதியுள்ள நான்கு மணி நேரத்தில் புதிதாக வருவோரைச் சேர்க்க வேண்டும், இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும், தீர்ந்த குளுக்கோஸ் பாட்டில்களை மாற்ற வேண்டும், இரத்த மாதிரி எடுக்க வேண்டும், பதிவேடுகளை நிரப்ப வேண்டும், இறந்தவரின் உறவினருக்குப் பதில் சொல்ல வேண்டும். அவரே ஆக்சிஜன் சிலிண்டருக்கும் ஆள் தேட வேண்டும், துணி எண்ணிக்கையும் பார்க்க வேண்டும்.

இந்தக் கணக்கு எந்த மனிதருக்கும் சரிக்கட்ட முடியாதது. ஆகவே குறுக்குவழிகள் பிறக்கின்றன. சுற்று தொடங்குவதற்குமுன்பே சிறு கிண்ணங்களில் மாத்திரைகளைப் போட்டு, படுக்கை எண்ணை எழுதி வைத்துவிடுகிறார்கள். இடையில் நோயாளி படுக்கை மாறினால் மருந்தும் ஆள் மாறுகிறது. ஊசி மருந்துகள் முன்கூட்டியே சிரிஞ்சில் ஏற்றப்பட்டு ஒரே தட்டில் வரிசையாகக் கிடக்கின்றன. நிறமற்ற திரவத்தில் எது எது என்று அடையாளம் சொல்ல ஒட்டுத்தாள்கூட இருப்பதில்லை. கையெழுத்துகள் சுற்று முடிந்தபின் மொத்தமாகப் போடப்படுகின்றன. இவற்றைச் செவிலியரின் சோம்பல் என்று சொல்வது எளிது. பணிச்சுமை நீடிக்கும்வரை, இவை இல்லாமல் அந்த வார்டு ஓராண்டல்ல, ஓரிரவுகூட ஓடாது என்பது நிர்வாகத்துக்கு நன்றாகவே தெரியும். குறுக்குவழியால் வார்டு ஓடும்வரை அது கண்டுகொள்ளப்படுவதில்லை. ஓர் உயிர் போனபின் அதே குறுக்குவழி குற்றப்பத்திரிகை ஆகிறது.

செவிலியரின் பணிநிலை குறித்து ஆராய ஒன்றிய அரசு 1987-லேயே உயர்மட்டக் குழு ஒன்றை அமைத்தது. செவிலியப் பணி அல்லாத வேலைகளிலிருந்து செவிலியரை விடுவிக்க வேண்டும் என்ற கோரிக்கை அப்போதிலிருந்தே கோப்புகளில் இருக்கிறது. நாட்டில் பதிவு செய்த செவிலியப் பணியாளர்கள் 33 லட்சத்துக்கும் மேல் என்று ஒன்றிய அரசு பெருமையோடு சொல்கிறது. அவர்களில் எத்தனையோ பேர் வளைகுடாவிலும் ஐரோப்பாவிலும் பணிபுரிகிறார்கள், பலர் குறைந்த ஊதியத்தைச் சகிக்காமல் தொழிலையே விட்டுவிட்டார்கள். பதிவேட்டில் இருக்கும் செவிலியர் நோயாளியின் நாடியைப் பிடித்துப் பார்க்க முடியாது. சுகாதாரத்துக்கான பொதுச் செலவை 2025-க்குள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 விழுக்காடாக உயர்த்துவோம் என்று 2017 தேசிய சுகாதாரக் கொள்கை வாக்களித்தது. அந்த வாக்குறுதி எப்படிக் கைவிடப்பட்டதோ, அப்படித்தான் இரவு வார்டின் செவிலியரும் தனியாக விடப்பட்டார்.

சந்தை பரப்பிவைக்கும் பொறிகள்

செவிலியரின் கைக்கு வரும் மருந்தே குழப்பத்தோடு வருகிறது. இந்தியாவில் இன்சுலின் இரண்டு செறிவுகளில் விற்கப்படுகிறது: ஒரு மில்லி லிட்டரில் 40 அலகு கொண்டது ஒன்று, 100 அலகு கொண்டது மற்றொன்று. அவற்றுக்கான சிரிஞ்சுகளும் வேறு வேறு. 40-க்கு உரியது சிவப்பு மூடி, 100-க்கு உரியது ஆரஞ்சு மூடி. 100 அலகு இன்சுலினை 40-க்கு உரிய சிரிஞ்சில் 10 என்ற கோடுவரை எடுத்தால், நோயாளியின் உடலில் போவது 25 அலகு. மாறாக, 40 அலகு மருந்தை 100-க்கு உரிய சிரிஞ்சில் 10 வரை எடுத்தால் போவது 4 அலகு மட்டுமே. முதலாவது நோயாளியைத் தூக்கத்திலேயே சர்க்கரை தாழ்ந்து மயங்கச் செய்யும். இரண்டாவது நாள்கணக்கில் சர்க்கரையை ஏறவிடும். மருந்தகத்தில் ஒருவகை சிரிஞ்ச் தீர்ந்துபோய், இருப்பதை வைத்துச் சமாளிக்கச் சொல்லும் வார்டில் இந்தப் பிழைக்கு யார் பொறுப்பு? நாடு முழுவதற்கும் ஒரே செறிவு என்று அரசு தீர்மானித்தால், எந்தச் செவிலியரும் எந்தப் பயிற்சியும் பெறாமலேயே இந்தப் பிழைக்கு இடமில்லாமல் போகும்.

பொட்டாசியம் குளோரைடும் அப்படித்தான். உடலில் பொட்டாசியம் குறைந்தவருக்கு அதைக் குளுக்கோஸ் அல்லது உப்புநீர் பாட்டிலில் நன்றாகக் கலந்து மெதுவாக ஏற்ற வேண்டும். செறிவான மருந்தை நேரடியாக நரம்பில் வேகமாகச் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். அதே மருந்து, ஊசிமருந்து கரைக்கப் பயன்படும் தண்ணீரைப் போன்ற நிறமற்ற சிறு ஆம்பூலில், பல இடங்களில் அதே தட்டில் கிடக்கிறது. செறிவான பொட்டாசியத்தைச் சாதாரண வார்டுகளின் அலமாரியிலிருந்து அகற்றி, மருந்தகத்திலேயே கலந்து அனுப்புவது உலகெங்கும் ஏற்கப்பட்ட தீர்வு. ‘கவனமாக இருங்கள்’ என்ற ஆயிரம் சுற்றறிக்கைகளைவிட அந்த ஒரு மாற்றம் அதிக உயிர்களைக் காக்கும். அதற்கு இரவிலும் இயங்கும் மருந்தகமும் மருந்தாளுநரும் தேவை. அங்கேதான் செலவு என்ற சொல் குறுக்கே வந்து நிற்கிறது.

மருந்துகளின் பெயர்களைப் பற்றியும் பேச வேண்டும். ஒரே மூலமருந்து நூற்றுக்கணக்கான வணிகப் பெயர்களில் விற்கப்படும் சந்தை இது. ஓரெழுத்து மாறினால் வேறொரு நோய்க்கான மருந்தாகிவிடும் பெயர்கள் அலமாரிகளில் அருகருகே இருக்கின்றன. மலேரியாவுக்கான ‘ஃபால்சிகோ’, ‘ஃபால்சிடேப்’ என்ற இரு பெயர்களைக் குறித்த வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்றது. இரண்டும் வேறு வேறு மூலமருந்துகளைக் கொண்டவை. மருந்துகளைப் பொறுத்தவரை, பெயர்க் குழப்பத்தை மற்றப் பொருள்களைவிடக் கடுமையான அளவுகோல் கொண்டு பார்க்க வேண்டும் என்று 2001-இல் நீதிமன்றம் கூறியது. பிறகு 18 ஆண்டுகள் கழித்து, 2019-இல் மருந்து விதிகளில் திருத்தம் வந்தது. தன் பெயர் குழப்பம் விளைவிக்காது என்று நிறுவனமே உறுதிமொழி கொடுத்தால் போதும் என்பதே அந்தத் திருத்தத்தின் சாரம். மருத்துவர்கள் மூலமருந்தின் பெயரைத் தெளிவாக, இயன்றவரை பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று 2016-இல் இந்திய மருத்துவக் கழகம் விதி செய்தது. வணிகப் பெயர்களின் இலாபத்தில் கைவைக்காத எந்த விதியும் தாளைத் தாண்டுவதில்லை. இதற்கு மாறாக, தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளுக்கு மருத்துவப் பணிகள் கழகத்தின் வழியே மூலமருந்துப் பெயரில் மருந்து வாங்கிக் கொடுக்கும் முறை முப்பதாண்டுகளாக நடைமுறையில் இருக்கிறது. பொதுக் கொள்முதல், பணத்தை மட்டுமல்ல, குழப்பத்தையும் குறைக்கும் என்பதற்கு அது சான்று.

‘டாக்டர் சொன்னார்’

எண்ணிக்கையும் மருந்தும் சரியாக இருந்தாலும் மூன்றாவதாக ஒன்று வேண்டும். அது கேட்கும் உரிமை. எழுதப்பட்ட அளவு பத்து மடங்கு அதிகம் என்று செவிலியருக்குத் தோன்றுகிறது. புள்ளி ஒன்று தவறிய இடத்தில் விழுந்திருக்கலாம். நள்ளிரவில் மூத்த மருத்துவரை எழுப்பிக் கேட்டால் என்ன பதில் வரும் என்பது அவருக்குத் தெரியும். பயிற்சி மருத்துவரோ 36 மணி நேரம் தொடர்ச்சியாகப் பணிசெய்து கண்கள் சிவந்து நிற்கிறார். அவரும் இதே ஆள்பற்றாக்குறையின் பலியாள்தான். தொலைபேசியில் வாய்மொழியாகச் சொன்ன உத்தரவு, பின்னர் ‘நான் சொல்லவில்லை’ என்று மறுக்கப்படும்போது செவிலியரிடம் சாட்சி இல்லை.

வார்டின் படிநிலை வெறும் தொழில்சார் படிநிலை அன்று. வர்க்கமும் சாதியும் பாலினமும் அதற்குள் வேலை செய்கின்றன. மருத்துவர் கட்டளையிடுபவர், செவிலியர் செய்து முடிப்பவர் என்ற பிரிவினைக்குள், சிந்திக்கும் வேலை ஒருவருக்கும் கைவேலை இன்னொருவருக்கும் என்ற பழைய ஏற்பாடே ஒளிந்திருக்கிறது. ஏழைக் குடும்பங்களிலிருந்தும் ஒடுக்கப்பட்ட சமூகங்களிலிருந்தும் கடன் வாங்கிப் படித்து வரும் இளம்பெண்கள், சொந்த மாநிலத்தை விட்டு வெகுதூரம் போய், விடுதி அறையிலும் ஒப்பந்தத்திலும் கட்டுண்டு வேலை செய்கிறார்கள். தலைநகர் தில்லியின் அரசு மருத்துவமனை ஒன்று, செவிலியர்கள் பணியிடத்தில் மலையாளம் பேசக்கூடாது என்று 2021 ஜூன் மாதத்தில் சுற்றறிக்கை விட்டது. நாடு முழுவதும் எழுந்த கண்டனத்துக்குப் பிறகே அது திரும்பப் பெறப்பட்டது. தாய்மொழியில் பக்கத்துச் செவிலியரிடம் பேசவே அஞ்ச வேண்டிய இடத்தில், மருத்துவரின் உத்தரவைச் செவிலியர் கேள்வி கேட்பார் என்று எதிர்பார்ப்பது எப்படி?

சட்டத்தின் இரட்டை அளவுகோல்

இந்தப் படிநிலைக்குச் சட்டமும் இப்போது முத்திரை குத்தியிருக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவின்கீழ், கவனக்குறைவால் மரணம் விளைவிப்பதற்கு யாராக இருந்தாலும் அதிகபட்சம் இரண்டாண்டுச் சிறை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆவது பிரிவு அதை ஐந்தாண்டாக உயர்த்தியது. மருத்துவச் சிகிச்சையின்போது பதிவுபெற்ற மருத்துவரின் செயலால் நேர்ந்தால் மட்டும் இரண்டாண்டு என்று விலக்களித்தது. பதிவுபெற்ற மருத்துவர் என்றால் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின்படி தகுதி பெற்று, மருத்துவப் பதிவேட்டில் பெயர் உள்ளவர் என்று அதே பிரிவு விளக்கமும் தருகிறது. செவிலியர் அந்த விளக்கத்துக்குள் வரமாட்டார். தவறான அளவை எழுதியவருக்கு இரண்டாண்டு, அதை ஊசியில் ஏற்றியவருக்கு ஐந்தாண்டு என்பதுதான் இதன் நடைமுறைப் பொருள். எதிர்க்கட்சி உறுப்பினர்கள் பெருந்திரளாக இடைநீக்கம் செய்யப்பட்டிருந்த 2023 டிசம்பர் கூட்டத்தொடரில் அவசரமாக நிறைவேற்றப்பட்ட சட்டம் இது.

மருத்துவர்கள் மீது குற்றவழக்குத் தொடர்வதற்குமுன் சார்பற்ற மருத்துவ வல்லுநரின் கருத்தைப் பெற வேண்டும் என்று 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது. செவிலியர்களுக்கும் இதே பாதுகாப்பு வேண்டும், அதற்கான சுற்றறிக்கையை மாநில அரசு வெளியிட வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2024-இல் கூறியது. இது நாடு முழுவதற்கும் சட்டமாக வேண்டிய கோரிக்கை.

தண்டனையின் அச்சம் பிழையைக் குறைக்கிறதா? அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 2017-இல், பதற்றத்தைத் தணிக்கும் மருந்துக்குப் பதிலாகத் தசைகளை முடக்கும் மருந்தை ஒரு செவிலியர் செலுத்தியதால் நோயாளி இறந்தார். அவர் மீது குற்றவழக்குத் தொடரப்பட்டு, 2022-இல் குற்றவாளி என்று தீர்ப்பு வந்து, கண்காணிப்பின்கீழ் மூன்றாண்டு நன்னடத்தைத் தண்டனை விதிக்கப்பட்டது. தம் பிழையைத் தாமே தெரிவித்தவர் அவர். இனி யாரும் வாய்திறக்க மாட்டார்கள் என்று அந்நாட்டுச் செவிலியர்கள் தெருவுக்கு வந்தனர். அண்டை மாநிலமான கென்டக்கி, சிகிச்சையில் நேரும் பிழைகளைக் குற்றவியல் வழக்காக்குவதைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை 2024-இல் இயற்றியது. உலகின் மிகப்பெரிய முதலாளித்துவ நாட்டிலும் செவிலியரின் போராட்டமே சட்டத்தை அசைத்திருக்கிறது.

மருந்துப் பிழைகளால் உலகுக்கு ஆண்டுதோறும் 4,200 கோடி டாலர் செலவாகிறது என்று மதிப்பிட்ட உலக சுகாதார நிறுவனம், ‘தீங்கில்லா மருந்து’ என்ற முழக்கத்தை 2017-இல் முன்வைத்தது. இந்தியாவும் 2018 முதல் 2025 வரைக்கான தேசிய நோயாளி பாதுகாப்புச் செயல்திட்டத்தை வெளியிட்டது. காஸியாபாத்தை மையமாகக் கொண்ட மருந்துக் கண்காணிப்புத் திட்டம் 2010 முதல் இருக்கிறது. ஆவணங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் நேர்ந்த பிழையையும் நூலிழையில் தப்பிய பிழையையும் அச்சமின்றிப் பதிவு செய்தால்தான் எந்தத் திட்டமும் உயிர்பெறும். சொன்னால் வேலை போகும் என்ற வார்டில் யார் சொல்வார்கள்? மறைக்கப்பட்ட ஒவ்வொரு பிழையும் அடுத்த நோயாளிக்காகக் காத்திருக்கிறது.

இதனால் அலட்சியத்தை மன்னிக்கச் சொல்வதாகப் பொருள் இல்லை. குடிபோதையில் பணிக்கு வருவதும், தெரிந்தே மருந்தைத் திருடுவதும், எச்சரித்த பின்னும் நோயாளியைப் புறக்கணிப்பதும் தண்டிக்கப்பட வேண்டியவை. மனிதர் எவருக்கும் நேரக்கூடிய பிழையையும் வேண்டுமென்று செய்யும் தீங்கையும் ஒரே தராசில் நிறுப்பதே கூடாது. பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு உண்மை சொல்லப்பட வேண்டும், இழப்பீடு தரப்பட வேண்டும். அதைத் தரவேண்டியது வார்டை நடத்தும் நிர்வாகமும் அரசுமே தவிர, மாதம் சில ஆயிரம் ரூபாய் பெறும் ஒப்பந்தச் செவிலியர் அல்லர்.

ஊதியக் கோரிக்கையோடு நின்றுவிடாமல்

செவிலியர் இயக்கம் கடந்த பதினைந்து ஆண்டுகளில் பெற்ற ஒவ்வொன்றும் போராட்டத்தின் வழியே வந்தது. இந்தியப் பயிற்சிபெற்ற செவிலியர் சங்கம் தொடுத்த வழக்கில் 2016 ஜனவரி 29 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த உத்தரவின்படி வல்லுநர் குழு அமைந்தது. 200 படுக்கைகளுக்கு மேற்பட்ட தனியார் மருத்துவமனைகளில் அரசுச் செவிலியருக்கு இணையான ஊதியம், 50 படுக்கைகளுக்குக் குறைந்த இடங்களிலும் 20,000 ரூபாய்க்குக் குறையாத ஊதியம் என்று அது பரிந்துரைத்தது. பெரும்பாலான மாநில அரசுகள் அதைக் கிடப்பில் போட்டன. கேரளத்தில் 2017-இல் செவிலியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். 2018 ஏப்ரலில் இடது ஜனநாயக முன்னணி அரசு குறைந்தபட்ச ஊதிய அறிவிக்கையை வெளியிட்டது. தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் வழியே தேர்வாகி, மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பட்ட செவிலியர்கள் 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டு நிரந்தரப் பணி கேட்டனர்.

ஊதியமும் பணிநிரந்தரமும் உயிரான கோரிக்கைகள். வேலை நிலையில்லாத ஊழியரால் கேள்வி கேட்க முடியாது என்பதால், பணிநிரந்தரம் நோயாளியின் பாதுகாப்புக் கோரிக்கையும் ஆகும். இந்த இணைப்பை மக்களிடம் எடுத்துச் செல்வதில் தொழிற்சங்க இயக்கம் இன்னும் வெகுதூரம் போக வேண்டியிருக்கிறது. செவிலியர் வேலைநிறுத்தம் என்றால் நோயாளிகளுக்கு எதிரானது என்று ஊடகங்கள் சித்தரிக்கும்போது, இரவு வார்டின் அந்த நான்கு மணி நேரக் கணக்கை மக்கள் முன்வைக்க வேண்டும். செவிலியருக்கும் நோயாளிக்கும் நடுவே பகையை மூட்டிவிடுபவர்கள், இருவருக்கும் சேரவேண்டியதைத் தராமல் வைத்திருப்பவர்கள்தான்.

கோரிக்கைகள் தெளிவானவை. வார்டுவாரியாக, பணிமுறைவாரியாகச் செவிலியர் எண்ணிக்கையைச் சட்டமாக்க வேண்டும். ஒவ்வொரு வார்டின் வாசலிலும் அன்றைய எண்ணிக்கையை எழுதி வைக்க வேண்டும். ஒப்பந்த முறையை ஒழித்துக் காலிப் பணியிடங்களை நிரப்ப வேண்டும். ஐயம் எழுந்த மருந்தை நிறுத்திவைக்கும் செவிலியர் பழிவாங்கப்படாமல் இருக்கச் சட்டப் பாதுகாப்பு வேண்டும். பிழைகளைத் தண்டனையின்றிப் பதிவு செய்யும் முறையும், அதை ஆராயும் குழுவில் செவிலியர் பிரதிநிதியும் வேண்டும். நியாய சன்ஹிதாவின் 106-ஆவது பிரிவில் உள்ள பாகுபாடு நீக்கப்பட வேண்டும். ஒரே செறிவு இன்சுலின், வார்டுகளில் செறிவான பொட்டாசியத்துக்குத் தடை, மூலமருந்துப் பெயரில் பொதுக் கொள்முதல் ஆகியவை தேசிய மருந்துக் கொள்கையின் பகுதியாக வேண்டும்.

இவற்றுக்காகத் தில்லியின் முடிவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. பெரும்பாலான அரசு மருத்துவமனைகளில் நோயாளர் நலச் சங்கம் என்ற அமைப்பு இருக்கிறது. உள்ளாட்சிப் பிரதிநிதிகளும் அதில் இடம்பெற முடியும். ஒவ்வொரு பகுதியிலும் உள்ள கட்சிக் கிளைகள் தம் ஊர் மருத்துவமனையில் இரவுப் பணியில் எத்தனை செவிலியர்கள், எத்தனை நோயாளிகள், எத்தனை காலியிடங்கள் என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டுப் பெறலாம். அதைச் செவிலியர் சங்கங்களோடும் மாதர் அமைப்புகளோடும் சேர்ந்து மக்கள் மன்றத்தில் வைக்கலாம். அடுத்த முறை ஒரு மருந்துப் பிழைச் செய்தி வரும்போது, ‘எந்த நர்ஸ்?’ என்ற கேள்விக்கு முன்னால், ‘அன்றிரவு அந்த வார்டில் எத்தனை பேர் பணியில் இருந்தார்கள்?’ என்ற கேள்வியை ஊர் கேட்க வேண்டும். அந்தக் கேள்வியை ஊர் கேட்கத் தொடங்கினால், வார்டுக்குள் செவிலியரும் கேட்கத் துணிவார்.